புதுப் பொருள் தரும் மகிழ்ச்சி ஏன் சீக்கிரம் வடிந்துவிடுகிறது?

புது போன் வாங்கிய சந்தோஷம் ஒரு மாதம்கூட நிற்பதில்லை, எளிய விஷயங்களில் மகிழ்வது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

குறை போனில் இல்லை. மாறாமல் அப்படியே இருக்கும் எதற்கும் மனம் பழகிவிடும். 1971இல் பிரிக்மன், கேம்ப்பெல் என்ற உளவியலாளர்கள் இதை டிரெட்மில் ஓட்டத்துக்கு ஒப்பிட்டார்கள்: எவ்வளவு ஓடினாலும் நிற்பது அதே இடத்தில்தான். வானம், நடை, பேச்சு எல்லாம் நாளுக்கு நாள் கொஞ்சம் மாறுவதால் அவ்வளவு சீக்கிரம் சலிப்பதில்லை.

தினம் 20 நிமிடம் நடந்து பாருங்கள், போனை வீட்டிலேயே வைத்துவிட்டு. அணைத்துப் பையில் போட்டுக்கொண்டால் போதாது. கை தானாகத் தேடும். முதல் சில நாள் அலுப்பு தட்டும். நொடிக்கொரு காட்சிக்குப் பழகிய கவனம் நிதானத்துக்கு வர நேரம் பிடிக்கிறது, அவ்வளவுதான். பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் அடி எண்ணும் கடிகாரம், புதுக் காலணி என்று நடைக்கே கடை விரிப்பார்கள்! இருக்கும் செருப்பே போதும்.

ஏதாவது வாங்கத் தோன்றினால் தேதியோடு தாளில் எழுதி 30 நாள் தள்ளிப்போடுங்கள். அதன் பிறகும் வேண்டுமென்று தோன்றினால் தயங்காமல் வாங்கலாம்.