ஃபில்டருக்கு அடங்காத ஒலி

அன்புள்ள ஐயா,

நீங்கள் ஒலி பற்றி எழுதுவதைப் படித்த உற்சாகத்தில் நானே ஒரு மென்பொருள் சிந்தசைசர் (செயற்கையாக இசை ஒலி உருவாக்கும் கருவி) எழுதி வருகிறேன். கீழ் ஸ்தாயியில் ரம்பப் பல் போல மெல்ல ஏறிச் சட்டென்று விழும் சாடூத் அலை நன்றாக ஒலிக்கிறது. மேலே போகப் போக, தகரத்தைத் தட்டியது போல ஓர் ஒலி கூடவே வருகிறது. சுருதியை ஏற்றினால் அது இறங்குகிறது! அலையை உருவாக்கும் ஆசிலேட்டருக்குப் பின்னால், உயர்ந்த ஒலிகளைத் தடுக்கும் லோபாஸ் ஃபில்டர் போட்டும் போகவில்லை. நொடிக்கு எடுக்கும் சாம்பிள்களை (அலையின் அளவெண்களை) எட்டு மடங்காக்கிக் கணக்கிட்டு, பிறகு குறைக்கும் ஓவர்சாம்பிளிங் செய்தால் தீருமா?

கே.

அன்புள்ள கே.,

சுருதி ஏறும்போது இன்னொன்று இறங்குகிறது என்று கவனித்தீர்களே, அதிலேயே விஷயம் பிடிபட்டுவிட்டது. ஏலியாசிங்தான்: சாம்பிள் வேகத்தில் பாதிக்கு மேலே போகும் அதிர்வெண் மடங்கி, தாழ்ந்த ஒலியாகத் திரும்பி வருவது.

44,100 ஹெர்ட்ஸ் சாம்பிள் வேகத்தில், அதாவது நொடிக்கு 44,100 சாம்பிள் எடுத்தால், அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் இடம். 3,000 ஹெர்ட்ஸில் சாடூத் வாசித்தால் ஏழாவது ஹார்மோனிக் (அடிப்படை அதிர்வெண்ணின் ஏழு மடங்கு) 21,000. எட்டாவது 24,000, அதற்கு இடமில்லை, மடங்கி 20,100ஆகத் திரும்பி வருகிறது. 14ஆவது 42,000, அது 2,100இல் வந்து உட்காருகிறது, நீங்கள் வாசிக்கும் சுரத்துக்கும் கீழே! அதன் அளவு முதல் ஹார்மோனிக்கில் 14இல் ஒரு பங்கு, அதாவது சுமார் 23 டெசிபல் குறைவு. நன்றாகவே கேட்கும். சுருதியை 3,010 ஆக்கினால் அது 2,100இலிருந்து 1,960க்கு இறங்கும். நீங்கள் கேட்டது இதைத்தான்.

உள்ளே வந்துவிட்ட 2,100 ஹெர்ட்ஸ், ஃபில்டரைப் பொறுத்தவரை மற்ற ஒலிகளைப் போல ஓர் ஒலிதான். அதனால் சாம்பிள் உருவாகும் இடத்திலேயே தடுக்க வேண்டும்.

ஓவர்சாம்பிளிங்கை இங்கே நான் சொல்ல மாட்டேன். சாடூத்தின் ஹார்மோனிக்குகள் மிக மெதுவாகத்தான் தேய்கின்றன. வேகத்தை ஒருமுறை இரட்டித்தால் மடங்கி வரும் ஒலி குறைவது ஏறக்குறைய 6 டெசிபல். எட்டு மடங்குக்கு 18. அவ்வளவு கணக்குப் போட்டு இவ்வளவுதானா என்று இருக்கும். டிஸ்டார்ஷன் (ஒலியை வேண்டுமென்றே சிதைப்பது) மாதிரியான பகுதிகளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான கோளாறு குதிப்பில் இருக்கிறது. அலை +1இலிருந்து −1க்கு விழும் கணம் இரண்டு சாம்பிள்களுக்கு நடுவில் எங்கோ வருகிறது. உங்கள் நிரல் அதை அடுத்த சாம்பிளுக்குத் தள்ளிவிடுகிறது. இதைச் சரிசெய்ய 1996இல் ஸ்டில்சன், ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் ஒரு வழி சொன்னார்கள். 2001இல் பிராண்ட் என்ற ஆய்வாளர் இன்னொன்று. நீங்கள் பாலிபிளெப்பில் (குதிப்பை ஓர் எளிய சூத்திரத்தால் மென்மையாக்கும் முறை) தொடங்குங்கள். குதிப்புக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு சாம்பிளைத் திருத்தினால் போதும்.

ஃபேஸ் (ஒரு சுற்றில் அலை எங்கே இருக்கிறது என்று சொல்லும் எண்) 0இலிருந்து 1 வரை போகிறது, ஒரு சாம்பிளுக்கு ஒரு படி. குதித்த பிறகு வரும் சாம்பிளில் ஃபேஸைப் படியால் வகுத்து வருவது 'அ' என்றால், திருத்தம் 2அ − அ² − 1. குதிப்புக்கு முந்தைய சாம்பிளில் ஃபேஸிலிருந்து 1ஐக் கழித்துப் படியால் வகுங்கள், வருவதுதான் அங்கே 'அ'. திருத்தம் அ² + 2அ + 1. இரண்டையும் சாடூத் மதிப்பிலிருந்து கழிக்க வேண்டும். குதிப்பு சரியாக ஒரு சாம்பிள் மேலேயே விழுந்தால் அ = 0, திருத்தம் −1. −1ஆக இருந்த சாம்பிள் நடுவில், பூஜ்யத்தில் வந்து நிற்கும். எவ்வளவு அழகான கணக்கு!

சதுர அலை வேண்டுமென்றால் ஃபேஸ் தள்ளிய இரண்டு சாடூத்களைக் கழியுங்கள். முக்கோண அலையில் குதிப்பே இல்லை, ஹார்மோனிக்குகளும் வேகமாகத் தேயும், இப்போதைக்கு விட்டுவிடலாம். பாலிபிளெப் எல்லாவற்றையும் துடைத்துவிடாது. உச்ச சுரங்களில் கொஞ்சம் மிஞ்சும், மேல் ஹார்மோனிக்குகளும் சற்று மங்கும். அது உறுத்தினால் ஸ்தாயிக்கு ஒன்றாக ஹார்மோனிக்குகளின் எண்ணிக்கையைக் குறைத்த வேவ்டேபிள்கள் (அலையின் ஒரு சுற்றை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த பட்டியல்கள்) தயாரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், 441 ஹெர்ட்ஸில் மட்டும் சோதிக்காதீர்கள். 44,100ஐ அது மீதியில்லாமல் வகுப்பதால் மடங்கி வருபவை எல்லாம் ஹார்மோனிக்குகள் மேலேயே விழுந்து மறைந்துவிடும். 440இல் பாருங்கள்: நூறாவது ஹார்மோனிக் 44,000, மடங்கி 100 ஹெர்ட்ஸில் தனியாக நிற்கும். ஃபில்டர், ரிவர்ப் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அங்கிருந்து உச்சி வரை சுருதியை மெதுவாக இழுத்துக் கேளுங்கள். எதுவும் இறங்கிக் கேட்காவிட்டால் அடுத்த வேலைக்குப் போகலாம்.