அப்பாவின் மாத்திரைப் பை

கேள்வி: என் அப்பாவுக்கு 74 வயது. பெருங்குடலில் புற்றுநோய், மூன்று வாரத்தில் ஆபரேஷன். இரண்டு வருடம் முன்பு இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் சாப்பிடுகிறார். சுகர், பிரஷர், தூக்க மாத்திரை என எல்லாம் சேர்த்து தினம் பதினொன்று. "ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையை இப்பவே நிறுத்திடுங்க" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். நிறுத்தலாமா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நீங்களாக ஒன்றையும் நிறுத்தாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி மாரடைப்பு வரலாம். பொதுவாக, க்ளோபிடோக்ரலை ஆபரேஷனுக்கு 5 முதல் 7 நாள் முன்பு நிறுத்துவோம். ஸ்டென்ட் உள்ளவருக்கு ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடர்வோம். அப்பாவுக்கு எது, எந்தத் தேதி என்பதை இதய டாக்டரும் சர்ஜனும் கலந்து பேசி முடிவு செய்யட்டும். அதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

சுகர் மாத்திரை அட்டையில் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்று இருக்கிறதா பாருங்கள். மெட்ஃபார்மினோடு கலந்தும் வரும், எழுத்து பொடியாக இருக்கும். இவற்றை 3 நாள் முன்பே நிறுத்துவார்கள். இல்லையென்றால், சுகர் சரியாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடக்கூடும். பிரஷரில் மெட்டோப்ரோலால், அட்டெனோலால் வகையைத் திடீரென விடக்கூடாது. ஆபரேஷன் அன்று காலையிலும் ஒரு மடக்குத் தண்ணீரில் கொடுக்கச் சொல்வார்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது தூக்க மாத்திரைதான். "ஆபரேஷன் நல்லா முடிஞ்சது டாக்டர், ஆனா அப்பா என்னையே யாருன்னு கேக்குறார்" என்று அழுதுகொண்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். முதியவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் வரும் இந்தக் குழப்பத்துக்கு வலி, கிருமித்தொற்று என்று பல காரணம் உண்டு. அல்பிரஸோலம் போன்ற தூக்க மாத்திரையும் அதில் ஒன்று. சளி, அரிப்புக்கு நாமாக வாங்கும் அவில் மாத்திரைகூட முதியவர்களைக் குழப்பும். ஆனால் வருடக்கணக்கில் சாப்பிட்ட தூக்க மாத்திரையை ஒரே நாளில் விட்டால் நடுக்கம், வலிப்புகூட வரலாம். படிப்படியாகத்தான் குறைக்க முடியும். மூன்று வாரம் இருக்கிறதே, இப்போதே டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. அந்தப் பதினொன்றுக்கு வெளியே அப்பா என்ன சாப்பிடுகிறார்? மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரை, பரணில் இருக்கும் சூரணம், யாரோ கொடுத்த பெயரில்லாத பொடி? அப்படிப்பட்ட பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அதை நாளாகச் சாப்பிட்ட உடம்பு, தானாக ஸ்டீராய்டு சுரப்பதைக் குறைத்துவிடும். ஆபரேஷன் நேரத்தில் பிரஷர் படுத்துவிடலாம். முன்கூட்டியே தெரிந்தால் ஊசி போட்டுச் சமாளிக்கலாம். அப்பாவைத் திட்டாமல் கேளுங்கள். திட்டினால் ஒளித்துவைப்பார்.

எல்லாவற்றையும் அட்டையோடு, டப்பாவோடு ஒரு மஞ்சப்பையில் போட்டு மயக்க டாக்டரிடம் கொண்டுபோய்க் கொட்டுங்கள். அவரைப் பார்க்க ஆபரேஷனுக்கு முந்தின நாள்தான் வரச் சொல்லியிருந்தால், இந்த வாரமே நேரம் கேளுங்கள். க்ளோபிடோக்ரலுக்கு மட்டுமே ஒரு வாரம் வேண்டியிருக்கும்.