பெஷாவரில் பிறந்தவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பாகிஸ்தானுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் இடையே உள்ள டோர்கம் எல்லைச் செய்திகளைத் தொடர்ந்து படிக்கிறேன். இரண்டு நாட்டிலும் சுன்னி முஸ்லிம்கள்தான் பெரும்பான்மை. பிறகு ஏன் இவ்வளவு பகை? யார் பக்கம் நியாயம்? அகதிகளை அவரவர் நாட்டுக்கு அனுப்புவதில் என்ன தப்பு?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள தம்பி,

கொஞ்ச நாளாக நானும் அந்த எல்லையைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

ஒரே மதம் என்றால் பகை வராது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். 1971ல் டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் வங்காள முஸ்லிம்களையே கொன்றது, அதுவே அதற்குப் பதில். 1947ல் பாகிஸ்தானை ஐ.நா.வில் சேர்க்கக் கூடாது என்று வாக்களித்த ஒரே நாடு ஆப்கானிஸ்தான். 1893ல் பிரிட்டிஷார் போட்ட டூரண்ட் கோடு, எல்லையின் இருபுறமும் வாழும் பஷ்தூன் இன மக்களை இரண்டாகப் பிரித்தது. பாகிஸ்தான் உருவான பிறகு காபூலை ஆண்ட யாரும், தாலிபான் உட்பட, அதை எல்லையாக ஏற்கவில்லை. இது போதும்.

உங்கள் கடைசி வரிதான் எனக்குக் கோபம் மூட்டியது. அவரவர் நாடாம்! எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்.

டெல்லி லாஜ்பத் நகரில் ஆப்கானியர் நடத்தும் ரொட்டிக் கடை ஒன்றில் ஓர் இளைஞரிடம் ஊர் எது என்று கேட்டேன். பாகிஸ்தானில் இருக்கும் பெஷாவர் என்றார். பெற்றோர் ஆப்கானிஸ்தானின் நங்கர்ஹார் மாகாணத்துக்காரர்கள், சோவியத் படை நுழைந்தபோது எல்லை தாண்டியவர்கள். கிஸ்ஸா கவானி கடைத்தெருவின் தேநீர்க் கடைகளைப் பற்றி அவர் பேசப் பேச, எனக்கே அங்கே போய் உட்கார வேண்டும் போலிருந்தது. காபூலை அவர் பார்த்தது விசா வாங்கப் போனபோது மட்டும்தான். அவருக்கு எது நாடு, சொல்லுங்கள்?

பாகிஸ்தானின் 1951 குடியுரிமைச் சட்டம் நான்காம் பிரிவு அந்த மண்ணில் பிறந்தவரைக் குடிமகன் என்கிறது. தூதர்களின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. அகதியின் பிள்ளை அந்த விலக்கில் இல்லை. ஆனாலும் தரவில்லை. 2018ல் அப்போதைய பிரதமர் இம்ரான் கான் தருவேன் என்றார். சிந்து, பலூசிஸ்தான் கட்சிகள் எதிர்த்ததும் பின்வாங்கினார். ஆப்கன் பஷ்தூன்கள் குடிமக்களானால் சொந்த மாகாணத்திலேயே சிறுபான்மை ஆகிவிடுவோம் என்ற பலூச் மக்களின் பயம் பொய்யல்ல, அதை நான் மதிக்கிறேன். ஆனால் நாற்பது வருடம் செங்கல் சூளையிலும் காய்கறிச் சந்தையிலும் வேலை வாங்கிக்கொண்டு, அப்புறம் 2023 அக்டோபரில் ஒரு மாதக் கெடு வைத்து வெளியே போ என்பது என்ன நியாயம்? 50,000 பாகிஸ்தான் ரூபாய்க்கு மேல் பணம் கொண்டுபோகக் கூடாது என்றார்கள். 2025ல் முறையான பதிவு அட்டை வைத்திருந்தவர்களையும் விடவில்லை.

ஆப்கானியர்கள் குண்டு வைக்கிறார்களே என்பீர்கள். 2023 ஜனவரியில் பெஷாவர் மசூதியில் 80 பேருக்கு மேல் செத்தார்கள், அந்த வலி எனக்கும் தெரியும். குண்டு வைத்தவனைப் பிடியுங்கள். பெஷாவரில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பெண் என்ன செய்தாள்? அவளை லாரியில் ஏற்றி, ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளியே இல்லாத நாட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்த லாரியை மறுபக்கம் வரவேற்கும் தாலிபான்தான் அந்தப் பள்ளியை மூடியது.

யார் பக்கம் நியாயம் என்று கேட்டிருந்தீர்கள். அந்த இரண்டு அரசுகள் பக்கமும் இல்லை. கோபமாக எழுதிவிட்டேன் என்று ஒதுங்கிவிடாதீர்கள். அந்த நான்காம் பிரிவைத் தேடிப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்