நாய்க்குக் கால் வேண்டும்

கேள்வி: பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் பொறியியல் படிக்கத் தெரிவாகியிருக்கிறேன். புறப்பட இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அதற்குள் பெரிய நாய் ஒன்றை, அல்சேஷன் என்றால் நல்லது, வாங்கிப் பழக்கி, காவலுக்கு வீட்டில் விட்டுவிட்டுப் போக நினைக்கிறேன். அப்பா கட்டாரில் இருக்கிறார். வீட்டில் அம்மாவும் அம்மம்மாவும் மட்டும்தான். அம்மா வேண்டாம் என்கிறார். வாங்கலாமா?
– ஒரு மாணவன், உவர்மலை, திருகோணமலை

பதில்: தம்பி, பெரிய நாயை யாரும் விற்பதில்லை. விற்பனைக்கு வருவது குட்டி. இரண்டு கைக்குள் அடங்கும், காது மடிந்திருக்கும், செருப்பைக் கடித்தால் வீடே கூடிநின்று சிரிக்கும். அது முழு நாயாக ஒன்றரை வருடம் பிடிக்கும். இனி உம்முடைய கணக்கைப் பாரும். நீர் வீட்டில் இருக்கும் நான்கு மாதமும் அது குட்டி. நீர் பேராதனையில் இருக்கும் நான்கு வருடமும் அது நாய். குட்டி உமக்கு, நாய் அம்மாவுக்கு. இந்தப் பங்கீடு பொறியியலுக்குத் தெரிவான உமக்குப் பிடிபடவில்லை. குசினிக்குள் நின்றபடியே அம்மாவுக்குப் பிடிபட்டிருக்கிறது.

அல்சேஷன் என்று எழுதியிருக்கிறீர். முதலாம் உலகப் போரில் ஜேர்மனியோடு மோதிய ஆங்கிலேயருக்குத் தங்கள் முற்றத்தில் ‘ஜேர்மன்’ என்ற பெயரோடு ஒரு நாய் படுத்திருப்பது பொறுக்கவில்லை. பிரான்சின் எல்லையில் உள்ள அல்சாஸ் என்ற இடத்தின் பெயரைச் சூட்டி அதை அல்சேஷன் ஆக்கினார்கள். 1977 இல் அவர்களே கோபம் ஆறி, ஜேர்மன் ஷெப்பர்ட் என்ற பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உவர்மலையில் மட்டும் அந்தப் போர் இன்னும் முடியவில்லை.

பெயர் போகட்டும். அந்த நாயோடு என்ன மொழியில் பேசப்போகிறீர்? பெற்ற பிள்ளையைத் தமிழில் ஏசுகிறவர்கள் நாயைக் கண்டதும் ‘சிட்’, ‘கம்’, ‘நோ’ என்று மாறிவிடுவதை நாற்பது வருடமாகப் பார்த்துவருகிறேன். நாய்க்கு எந்த மொழியும் ஒன்றுதான். ஒரே சொல், ஒரே தொனி, சொன்னதைச் செய்தால் வாய்க்கு ஒரு துண்டு. அதற்குத் தேவை அவ்வளவே. நீர் ஆங்கிலத்தில் பழக்கிவிட்டுப் போனால், உம்முடைய அம்மம்மா இந்த வயதில் ‘சிட்’ சொல்லப் பழக வேண்டும். நாய் உட்காருவதற்குள் அவர் உட்கார்ந்துவிடுவார்.

காவலுக்கு என்றும் சொல்கிறீர். காவலில் பாதியைச் செய்வது நாயல்ல, படலையில் தொங்கும் பலகை. (இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்கள் இங்கே பெருமூச்சு விடலாம். ஆம், பெயர்ப்பலகைத் தமிழைப் பற்றித்தான் மறுபடியும்.) எங்கள் வீட்டுக்கு அடுத்த ஒழுங்கையில் பச்சைக் கேற் ஒன்றில் ஒரு பலகை தொங்குகிறது. சிவப்புப் பூச்சில் வெள்ளை எழுத்து. மேலே சிங்களம் சரி, கீழே ஆங்கிலம் சரி. நடுவில் ‘நய் கவனம்’. நாய்க்குக் கால் இல்லை, துணைக்காலைச் சொல்கிறேன். மூன்று வருடமாக அந்தப் பிராணி நொண்டிக்கொண்டே வீட்டைக் காக்கிறது. பொறுக்க முடியாமல் ஒருநாள் வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். “ஐயா, கள்ளன் எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டா மதில் ஏறுவான்?” என்று கேட்டார். ஏன் ஏறமாட்டான்? எழுத்தறிவில் நாங்கள் மட்டமானவர்கள் இல்லையே! படித்த கள்ளன் ஒருவன் வந்து, கால் குறைந்த நாய்தானே என்று துணிந்து உள்ளே இறங்கினால் பொலிசுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். அன்றிலிருந்து அவர் சந்தையில் என்னைக் கண்டால் கருவாட்டுக் கடைப் பக்கமாகத் திரும்பிவிடுகிறார்.

காலைப் போட்டு எழுதினாலும் சிக்கல் தீராது. ‘நாய் கவனம்’ என்றால் வருகிறவன் நாயிடம் கவனமாக இருக்க வேண்டுமா, நாயை யாராவது கவனிக்க வேண்டுமா? வெளியில் நிற்கிறவன் முதலாவது விதமாகப் படிப்பான். உள்ளே இருக்கும் அம்மா இரண்டாவது விதமாகப் படிப்பார்.

ஏனென்றால் கவனிக்க நிறைய இருக்கிறது. உம்முடைய நான்கு மாதத்தில் பெரும்பகுதி தடுப்பூசிக்கே போய்விடும். குட்டிகளைக் கொல்லும் வயிற்றோட்டமான பார்வோ நோய்க்கான ஊசியை எட்டு வாரத்துக்குச் சற்று முன்பின்னாகத் தொடங்கி, சில வாரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் போட வேண்டும். விசர்நாய்த் தடுப்பூசி வருடந்தோறும். முதல் ஊசிகளுக்கு நீர் மடியில் வைத்துக்கொண்டு போவீர். அடுத்த வருடம் அதே நாய் முப்பது கிலோவை நெருங்கியிருக்கும். ஆண் என்றால் நாற்பதைக்கூட எட்டலாம். அதை ஏற்றச் சம்மதிக்கும் ஓட்டோக்காரரை அம்மாதான் தேடிப்பிடிக்க வேண்டும். பிறகு கச்சான், தென்மேற்கிலிருந்து வீசும் சூடான வறண்ட காற்று. ஆடி மாதத்து மத்தியானத்தில் நாமே சட்டையைக் கழற்றி எறிகிறோம். உடம்பெல்லாம் வியர்க்கும் வசதி நாய்க்கு இல்லை. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டை ஆற்ற வேண்டும். இரட்டை அடுக்கு ரோமத்தோடு அது கிணற்றடி ஈரத்தைத் தோண்டிப் படுக்கும். அம்மாவின் கறிவேப்பிலைக் கன்று நிற்பதும் பெரும்பாலும் அந்த ஈரத்தில்தான். தெள்ளு, உண்ணி பற்றி எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

திருகோணமலை நாய்க்கு இன்னொரு சோதனையும் உண்டு. பின்னேரம் கோணேசர் கோவில் பக்கம் நடக்கக் கூட்டிப்போனால், கோட்டை வாசலைத் தாண்டியதும் புள்ளிமான்கள் நிற்கும். வாழைப்பழத் தோலுக்காக ஆளை உரசிக்கொண்டு வரும். (அவற்றுக்குப் பழத்தைப் பையோடு எறிகிற பக்தர்களோடு எனக்குள்ள சண்டை தனி, அது அடுத்த இதழில்.) காட்டு விலங்குகளைக் காக்க இந்த நாட்டில் 1937 ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. நாய்க்கு அது தெரியாது. கயிற்றின் மறுமுனையில் அம்மா நின்றால், மானைத் துரத்துவது நாயா அம்மாவா என்று பார்க்கிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும்.

நான்கு வருடத்தில் வந்துவிடுவேன் என்பீர். 1659 இல் புயலில் பாய்மரத்தை இழந்த ஓர் ஆங்கிலக் கப்பல், அதைச் செப்பனிட்டுக்கொண்டு போகலாம் என்று எதிர்க்கரையில் கொட்டியாரத்துக்கு வந்தது. அதில் இருந்த ரொபர்ட் நொக்ஸ் என்ற இளைஞர் கண்டி மன்னரின் ஆட்களிடம் அகப்பட்டார். தப்பிப் போனது 1679 இல். பல்கலைக்கழகம் அவ்வளவு மோசமில்லை. ஆனால் வேலைநிறுத்தம், மூடல், பரீட்சை ஒத்திவைப்பு எல்லாம் சேர்ந்து நான்கை ஐந்தாக்கியதை நாம் கண்டிருக்கிறோம். அல்சேஷனின் ஆயுளோ பத்துப் பன்னிரண்டு வருடம்தான். பட்டத்தோடு நீர் திரும்பும்போது அது நடுவயதைத் தொட்டிருக்கும்.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. அண்ணா வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போக இரண்டு மாதம் இருக்கையில் டைகரைக் கொண்டுவந்தார். அவருடைய கடிதங்கள் எல்லாம் ‘டைகர் எப்படி இருக்கிறது?’ என்று தொடங்கும். அம்மாவின் சுகம் மூன்றாவது வரியில் வரும். பதில் எழுதுவது நான். அம்மா அடுப்படியில் இருந்து சூடை மீனுக்குத் தலை கிள்ளியபடி, “டைகர் சுகம் என்று எழுது” என்பார். இரண்டு மூன்று மீன் சட்டிக்குள் விழுந்த பிறகு, “நாங்களும் சுகம் என்று எழுது” என்பார். ஒன்பது வருடம் அந்த நாய்க்கு உப்பில்லாமல் தனிச்சட்டியில் அவித்தார். அண்ணா வருடத்தில் இரண்டு முறை இரவு ரயிலில் வந்து இறங்குவார், டைகரின் முதுகைத் தடவிப் பார்ப்பார், “மெலிந்துபோய்விட்டதே அம்மா” என்பார்.

அதனால் வாங்காதீர் என்று சொல்லவில்லை. அம்மாவிடம் கேள்வியை மாற்றிக் கேளும். ‘நான் நாய் வாங்கலாமா’ என்று கேட்காமல், ‘உங்களுக்கு நாய் வேண்டுமா’ என்று கேளும். வேண்டும் என்றால் அவரே தெரிவுசெய்யட்டும், பெயரும் அவரே வைக்கட்டும். என்னைக் கேட்டால் வளர்ந்த ஊர்நாய் ஒன்று போதும். இதற்குமேல் எவ்வளவு பெரிதாகுமோ என்ற கவலை இல்லை, கச்சானுக்குப் பழகியது, படலை அசைந்தால் குரைக்கும். வைரவர் பக்கத்தில் நிற்பதும் அந்த இனம்தான். வடைமாலை சாத்துகிறவர்கள் யாரும் அவரிடம் அல்சேஷன் ஏன் இல்லை என்று கேட்டதில்லை.

எந்த நாய் வந்தாலும் பலகை எழுதக் கொடுப்பீர். பூச்சுக் காய்வதற்குள் கிட்டப் போய், கால் ஐந்தும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாரும்.