எல்லோரும் ‘5’ என்றே சொன்னால்?

கேள்வி: எங்கள் கூடைப்பந்து அணியில் 12 பேர். இதயத்துடிப்பு அளக்கும் மார்புப் பட்டை நான்குதான் இருக்கிறது. மீதி எட்டையும் வாங்கினால்தான் பயிற்சிச் சுமையைக் கணிக்க முடியுமா? ‘பத்துக்கு எவ்வளவு கடினம்?’ என்று வாயால் கேட்டும் பார்த்தேன். எல்லோரும் 5 என்றே சொல்கிறார்கள்.

பதில்: பட்டை இப்போதைக்கு வேண்டாம். கூடைப்பந்தில் உடலை உலுக்குவது குதித்து இறங்குவதும், ஓடும் வேகத்தில் சட்டென்று நின்று திரும்புவதும்தான். துடிப்பு ஏறுவதற்குள் அந்த வேலை முடிந்துவிடும். பளு தூக்கும் நாளில் பட்டை இன்னும் ஏமாற்றும். ஆட்டக்காரர் சொல்லும் எண்ணிலோ முழங்கால் வலியும், முந்தின இரவு ரயிலில் தூங்காததும் சேர்ந்தே வரும். அமெரிக்க ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் பரப்பிய கணக்கு எளியது: 0 முதல் 10 வரை சொல்லும் எண்ணைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்குங்கள். 90 நிமிடத்துக்கு 6 என்றால், சுமை 540.

ஆனால் 5 சொன்னால் வம்பில்லை என்று உங்கள் அணி கண்டுகொண்டுவிட்டது. வட்டமாக நிற்கவைத்துக் கேட்கிறீர்களா? கேப்டன் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள். பயிற்சி முடிந்து சுமார் 30 நிமிடம் கழித்து, தனித்தனியாகக் கேளுங்கள். உடனே கேட்டால் கடைசி ஓட்டத்தின் மூச்சிரைப்புதான் பதில் சொல்லும். இன்னொன்று, 8 சொன்னவரை எப்போதாவது அடுத்த ஆட்டத்தில் உட்காரவைத்தீர்களா? ஒரு முறை செய்திருந்தாலும் போதும், பிறகு யார் வாயிலிருந்தும் உண்மை வராது.

எண்கள் நேர்மையாக வரத் தொடங்கியதும் வாரக் கூட்டலோடு நிறுத்திவிடாதீர்கள். ஆறு நாள் தலா 400, ஒரு நாள் ஓய்வு: மொத்தம் 2400. இன்னொரு வாரம் 600, 200, 550, 250, 500, 300, ஓய்வு: அதுவும் 2400தான். தினசரிச் சராசரியைத் திட்ட விலக்கத்தால் (நாளுக்கு நாள் சுமை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற அளவு) வகுத்தால் முதல் வாரத்துக்கு 2.27, இரண்டாவதற்கு 1.58 வரும். ஃபாஸ்டர் இதற்கு வைத்த பெயர் ‘மோனோடனி’, அதாவது சலிப்பளவு: நாள்கள் ஒரே மாதிரி இருந்தால் எண் ஏறும். 2ஐத் தாண்டினால் நான் அட்டவணையைத் திருத்துவேன். கடினமான நாள் கடினமாகவும் லேசான நாள் உண்மையிலேயே லேசாகவும் இருக்க வேண்டும். நம் பயிற்சியாளர்கள் பலருக்கு இரண்டாவதுதான் வராது.

ஆட்ட நாளில் எந்த நிமிடத்தை எடுப்பது என்று குழப்பம் வரும். 40 நிமிட ஆட்டம் கடிகாரம் நின்று நின்று ஓடுவதால் ஒன்றரை மணி நேரம் வரை இழுக்கும். களத்தில் ஆடிய நேரமோ மொத்த நேரமோ, ஒன்றைப் பிடித்துக்கொண்டு பருவம் முழுக்க மாற்றாமல் இருங்கள். வாரத்துக்கு இரண்டு ஆட்டம் என்றால் பெஞ்சில் இருப்பவர்களையும் கவனியுங்கள். நான்கு நிமிடம் ஆடியவருக்கு மறுநாளும் ஓய்வு கொடுத்தால் அவர் உடல் தளர்ந்துபோகும்.

கையில் உள்ள நான்கு பட்டைகளை மாற்றி மாற்றிக் கட்டுங்கள். அதே பயிற்சிக்கு ஒருவரின் துடிப்பு வழக்கம்போல இருந்து, அவர் சொல்லும் எண் மட்டும் 5இலிருந்து 7க்கு ஏறினால், அன்று அவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.