ஸ்லீவ் அறுவை சிகிச்சையில் ஸ்டேப்பிள் வரிசைக்குப் பட்டை வைப்பது அவசியமா, தையல் போதுமா?

எடைக் குறைப்புக்கான ஸ்லீவ் அறுவை சிகிச்சையில், ஸ்டேப்பிள் வரிசைக்கு வைக்கும் பட்டைக்கு மருத்துவமனை தனிக் கட்டணம் கேட்பதாகவும், அது தேவையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பட்டை இரத்தப்போக்கைக் குறைக்கும். ஆனால் கசிவை, அதாவது ஸ்டேப்பிள் விளிம்பு பிரிந்து இரைப்பையில் உள்ளது வயிற்றுக்குள் ஒழுகுவதை, தடுக்கும் என்று நம்பிப் பணம் கட்டுவதானால் சற்று யோசியுங்கள் என்பதே, அறுவை அரங்கில் உதவி மருத்துவராக நிற்கும் என் கருத்து.

இரைப்பையின் முக்கால் பங்கை ஸ்டேப்ளரால் வெட்டி எடுத்தபின் எஞ்சும் நீண்ட விளிம்பை அப்படியே விட்டுவிடும் மருத்துவர்களும் உண்டு. சிலர் அதன்மேல் தொடர்தையல் போடுவார்கள். செலவு குறைவு, ஆனால் நேரம் பிடிக்கும், இரைப்பை வளையும் இடத்தில் திசுவை அதிகமாக இழுத்துத் தைத்துவிட்டால் பாதை குறுகிவிடும். பட்டையோ ஸ்டேப்ளரின் தாடைகளிலேயே பொருத்தப்பட்டு, வெட்டும்போதே திசுவோடு சேர்ந்து பதிகிறது. நாளடைவில் கரையும் செயற்கைப் பட்டையும் உண்டு, மாட்டின் இதய உறையிலிருந்து செய்ததும் உண்டு. பின்னதை ஏற்க மனமில்லாதவர்கள் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

2014இல் கேக்னர், புக்வால்டு என்ற அறுவை மருத்துவர்கள் 8,920 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்தபோது, கசிவு கரையும் பட்டையில் 1.09 சதவீதம், தையலில் 2.04, எதுவுமே செய்யாதபோது 2.6, மாட்டு உறைப் பட்டையில் 3.3 என்று வந்தது. விற்பனைப் பிரதிநிதிகளுக்கு இது போதும். ஆனால் 2016இல் வெளியான, 1,89,477 அறுவை சிகிச்சைகளைக் கொண்ட அமெரிக்கப் பதிவேட்டு ஆய்வில், விளிம்பைப் பட்டையால் வலுப்படுத்தியவர்களிடம் கசிவு 0.96 சதவீதமாகவும் வலுப்படுத்தாதவர்களிடம் 0.65 சதவீதமாகவும் இருந்தது; இரத்தப்போக்கு மட்டும் 1.00இலிருந்து 0.75ஆகக் குறைந்திருந்தது. சிக்கலான நோயாளிகளுக்கே பட்டை வைத்திருக்கலாம் என்பதால், பட்டைதான் கசிவை உண்டாக்கியது என்றும் இதிலிருந்து சொல்லிவிட முடியாது.

கசிவு பெரும்பாலும் உணவுக்குழாய் சேரும் மேல்முனையில்தான் ஏற்படுகிறது. அங்கே இரத்த ஓட்டம் குறைவு. கீழே பாதை குறுகியிருந்தால் உள்ளழுத்தம் முழுவதும் அங்கே போய் முட்டும். அதனால் எஞ்சும் இரைப்பையின் அகலத்தை அளவிட வெட்டும்போது உள்ளே விடும் குழாயின் பருமனை நான் முக்கியமாகக் கருதுகிறேன்; அதே அமெரிக்க ஆய்வில் 38 பிரெஞ்சு (குழாயின் பருமனைச் சொல்லும் அலகு) அளவும் அதற்கு மேலும் பயன்படுத்தியவர்களிடம் கசிவு குறைவாக இருந்தது. கீழ்ப்பகுதியின் தடித்த திசுவுக்கு உயரமான ஸ்டேப்பிள் வேண்டும். பட்டை வைத்தால் அதன் தடிமனையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். தாடையை மூடியதும் சில விநாடிகள் காத்திருந்து, திசுவிலுள்ள நீர் பிழிந்து வெளியேறியபின் வெட்டினால், விளிம்பில் இரத்தம் கசிவது குறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவரானால் பட்டைக்குச் செலவிடலாம். மற்றவர்கள் முடிவெடுக்கும் முன், எந்த அளவுக் குழாய் வைப்பார்கள், அவர் அறுவை செய்தவர்களில் கசிவு எத்தனை பேருக்கு வந்தது, வந்தால் அங்கேயே எண்டோஸ்கோப்பி வசதி உண்டா என்று அறுவை மருத்துவரிடமே கேளுங்கள்.