இரவில் யார் பொறுப்பு? பராமரிப்பு நிலையங்கள் பற்றி வாசகர் கேள்வி பதில்

நோயாளர் தங்கியிருந்து தாதியர் பராமரிப்பும் இயன்மருத்துவமும் பெறும் நிலையங்களைப் பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற விடுதிப் பொறுப்புத் தாதி ஒருவர் இம்முறை பதிலளிக்கிறார்.

கேள்வி: எனது தாயாருக்கு வயது 72. பாரிசவாதத்தினால் வலது கையும் காலும் இயங்காத நிலையில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றார். இனி வீட்டுக்குக் கொண்டு செல்லலாம் என்கிறார்கள். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள், வீட்டில் வேறு ஆளில்லை. இரண்டு தனியார் நிலையங்களைப் போய்ப் பார்த்தோம். ஒன்று புதிய கட்டடம், குளிரூட்டிய அறைகள். மற்றையது பழைய வீடு. ஆனால் அங்குள்ளவர்கள் அன்பாகப் பேசினார்கள். எதை வைத்துத் தீர்மானிப்பது?
(வாசகி, களுவாஞ்சிகுடி)

பதில்: கட்டடமும் அன்பான பேச்சும் பகலில் பார்க்க வருகிறவருக்கு எளிதில் தென்படுபவை. உங்கள் தாயார் அங்கே இரவும் பகலும் இருக்கப் போகிறவர். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, இரவு பத்து மணிக்கும் காலை ஐந்து மணிக்கும் இடையில் அங்கே விழித்திருப்பவர் யார் என்பதைத்தான். அவர் பயிற்சி பெற்ற தாதியா, உதவியாளரா? எத்தனை நோயாளருக்கு அவர் ஒருவர்? நோயாளருக்கு மூச்சு முட்டினால் எந்த வைத்தியரை அழைப்பார், எந்த வைத்தியசாலைக்கு, எந்த வாகனத்தில் கொண்டு செல்வார்? இவற்றுக்குப் பெயரும் எண்ணிக்கையுமாகப் பதில் வர வேண்டும். "ஆள் இருக்கு, நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்காதீங்கோ" என்பது பதிலாகாது. வெள்ளைச் சட்டை அணிந்த எல்லோரையும் நாம் 'மிஸ்' என்றே அழைத்துவிடுவதால், யார் தாதி, யார் உதவியாளர் என்று விசாரிக்கும் பழக்கம் நம்மிடம் குறைவு. உதவியாளர் இருப்பதில் குற்றமில்லை. தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெற்ற நல்ல பராமரிப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் இன்சுலின் ஏற்றுவதும், மூக்கு வழியே உணவு செலுத்தும் குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதும் தாதியின் பொறுப்பு.

அடுத்தது உணவு. பாரிசவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்குவதில் தடை ஏற்படும். வெளியே ஒன்றும் தெரியாமலே கஞ்சியும் தேநீரும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி, சில நாட்களில் நியூமோனியாவாக வெளிப்படும். தாயாரின் விழுங்கும் திறனை யார் பரிசோதிப்பார்கள், உணவின் பதத்தை யார் தீர்மானிப்பார்கள் என்று கேளுங்கள். கேட்பதோடு நிற்காமல், இரவு உணவு நேரத்தில் போய் நின்று பாருங்கள். நோயாளரை நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு கரண்டியால், ஒரு வாய் விழுங்கிய பின் மறு வாய் கொடுக்கிறார்களா? உண்டபின் அரை மணித்தியாலமாவது நிமிர்ந்திருக்க விடுகிறார்களா? பலரைச் சாய்த்துப் படுக்கவைத்தபடி ஒருவரே வரிசையாக ஊட்டிக்கொண்டு போனால், அந்த இடத்தைப் பற்றி வேறெதுவும் அறிய வேண்டியதில்லை.

மூன்றாவது, புரட்டிப் படுக்கவைத்த நேரங்களைக் குறிக்கும் தாள். தானாகப் புரளமுடியாத நோயாளரை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைப்பது வழமை. நல்ல மெத்தையும் நோயாளரின் நிலையும் பொறுத்து இந்த இடைவெளி கூடலாம். எந்த இடைவெளியானாலும் அது எழுதப்பட்டிருக்க வேண்டும். கட்டிலின் காற்பக்கத்தில் அந்தத் தாள் தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கினால், நிலையத்தவரின் அனுமதியோடு, ஆளின் பெயர் பாராமல் அடையாளங்களை மட்டும் கவனியுங்கள். ஒரே பேனையால், ஒரே கையெழுத்தில், ஒரு வாரம் முழுவதும் பிசகின்றி இரட்டைப்படை மணிகளில் அடையாளம் இடப்பட்டிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். உண்மையான தாளில் மை மாறும், கையொப்பம் மாறும், 2.20 என்றும் 4.35 என்றும் நேரம் இருக்கும், "மலம் கழித்தார், துணி மாற்றப்பட்டது" என்று குறுக்கே ஒரு வரி கிடக்கும். மாலை நான்கு மணிக்குப் போனபோது இரவு பத்து மணிக்குரிய கட்டத்திலும் அடையாளம் இருந்தால், சொல்லவே வேண்டாம்.

இனி இயன்மருத்துவம். "தினமும் பிசியோ உண்டு" என்று எல்லா நிலையங்களும் சொல்லும். வருபவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்ற இயன்மருத்துவரா, வாரத்தில் எத்தனை நாள் வருவார், உங்கள் தாயாரோடு எத்தனை நிமிடம் இருப்பார் என்று கேளுங்கள். பாரிசவாத நோயாளர் தாங்கக்கூடியவராயின், வாரத்தில் ஐந்து நாட்களாவது, நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலப் புனர்வாழ்வுச் சிகிச்சை தரப்பட வேண்டும் என்பது பிரித்தானியாவில் சிகிச்சை வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டல். நம் பக்கத்தில் அந்த அளவை எதிர்பார்ப்பது கடினம். ஆனால் கையைப் பத்து முறை தூக்கி இறக்கிவிட்டுப் போவதைச் சிகிச்சை என்று கணக்கெழுதுவதற்கும் அந்த அளவுக்கும் உள்ள தூரத்தை நீங்கள் அறிந்திருப்பது நல்லது. இயன்மருத்துவர் வராத நேரத்தில் உதவியாளர்கள் தாயாரை எப்படி எழுப்புகிறார்கள் என்பதும் சிகிச்சையின் பகுதியே. செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவி, பின்னர் பல மாதம் வலி வதைக்கும்.

முன்னேற்றத்தை அளப்பதற்கு 'பார்தெல்' என்ற எளிய அளவுகோல் இருக்கிறது. உண்ணுதல், உடுத்தல், கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறுதல், மலசலகூடம் செல்லுதல், படியேறுதல் போன்ற பத்துச் செயல்களுக்குப் புள்ளி இடுவார்கள். சேர்க்கும் நாளில் எத்தனை புள்ளி, இரண்டு வாரத்தில் எத்தனை என்று சொல்லக்கூடிய நிலையம், தாயார் எழுந்து நடக்க வேண்டும் என்று நினைக்கிறது. பாரிசவாதத்தில் முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக வரும்; அந்தக் காலத்தைப் படுக்கையில் கழிக்கவிட்டால் பின்னர் ஈடுசெய்வது சிரமம்.

இரண்டு இடங்களுக்கும் முன்னறிவித்தல் இல்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமையோ போயா தினத்திலோ, பொழுது சாயும் வேளையில் மறுபடி போய் வாருங்கள். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று கேற்றடியிலேயே திருப்பி அனுப்பினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்னவை திருப்தி தந்தால் நான் பழைய வீட்டையே தெரிவு செய்வேன். சக்கர நாற்காலி மலசலகூடத்துக்குள் நுழைய வேண்டும், கமோட்டின் அருகில் கைபிடி இருக்க வேண்டும் என்பவை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாதவை. இன்னொன்றும் உண்டு. மாரிமழைக் காலத்தில் நம் மாவட்டத்துத் தாழ்நிலங்களில் வெள்ளம் ஏறும், மின்சாரம் நிற்கும். சளி இழுக்கும் இயந்திரமும் காற்று மெத்தையும் மின்சாரத்தில் இயங்குபவை என்பதால், ஜெனரேற்றர் இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல் அதை ஒருமுறை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: எனது உம்மாவைச் சேர்க்க நினைக்கும் இடத்தின் பெயர்ப்பலகையில் 'அரசில் பதிவு செய்யப்பட்டது' என்று எழுதியிருக்கிறது. அது போதுமா? உம்மாவைப் பெண்களே குளிப்பாட்ட வேண்டும் என்பதும் எங்கள் விருப்பம். இதைக் கேட்பது முறையா?
(வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: எதன் கீழ் பதிவு என்பதைப் பாருங்கள். நோயாளருக்குச் சிகிச்சையும் தாதியர் பராமரிப்பும் தரும் தனியார் நிலையங்கள், 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் (பதிவு) சட்டத்தின் கீழ் வருபவை. தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபை அவற்றுக்குப் பொறுப்பானது. முதியோர் இல்லங்கள், முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் வழியில் பதிவாகின்றன. முதியோர் இல்லமாகப் பதிந்த இடம் நல்ல இடமாகவே இருக்கலாம். ஆனால் குழாய் வழியே உணவு தேவைப்படும் நோயாளரை ஏற்றுக்கொள்ளும் வசதி அதற்கு உண்டு என்று அந்தப் பதிவு சொல்லாது. சான்றிதழைக் கையில் வாங்கி, எந்த ஆண்டுக்குரியது என்று வாசியுங்கள். பதிவு வருடந்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. சுவரில் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டியிருப்பது பழைய ஆண்டுடையதாக இருக்கலாம்.

பெண்களே குளிப்பாட்ட வேண்டும் என்று கேட்பது முறைதான், கேட்கத்தான் வேண்டும். இரவிலும் பெண் பணியாளர் இருப்பாரா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். குளிப்பாட்டும்போதும் துணி மாற்றும்போதும் திரை இழுக்கப்படுகிறதா என்பது மதத்துக்கு அப்பால் எந்த நோயாளருக்கும் உரிய மரியாதை. தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி வுழூ எடுக்க உதவுவார்களா, உணவு எங்கே சமைக்கப்படுகிறது என்பவற்றையும் தயங்காமல் விசாரியுங்கள். உம்மாவுக்குச் சீனி வருத்தம் இருந்தால், நோன்பு காலத்தில் மருந்தும் உணவும் எப்படி ஒழுங்கு செய்யப்படும், நோன்பு பிடிப்பதா விடுவதா என்பதை அவருடைய கிளினிக் வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் கொடுங்கள். கட்டணத்தில் பம்பர்ஸ், கையுறை, பிசியோ, அம்புலன்ஸ் எவையெவை அடங்கும் என்ற விபரத்தையும் எழுத்தில் வாங்குங்கள். மாத முடிவில் வரும் மனஸ்தாபங்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: லண்டனிலிருக்கும் எனது தம்பி, "அந்த இடத்துக்கு என்ன தரம், எத்தனை நட்சத்திரம்" என்று கேட்டுக்கொண்டேயிருக்கிறார். பணம் அனுப்புவது அவர். என்ன சொல்வது?
(வாசகர், கல்லடி)

பதில்: அவர் பழகிய முறையை வைத்துக் கேட்கிறார். இங்கிலாந்தில் பராமரிப்புத் தர ஆணைக்குழு நிலையங்களைப் பரிசோதித்து, மிகச் சிறந்தது, நல்லது, முன்னேற்றம் தேவை, போதாது என்று நான்கு தரங்களாக வெளியிடுகிறது. அமெரிக்காவில் 2008 முதல் தாதியர் பராமரிப்பு நிலையங்களுக்கு அரசே ஐந்து நட்சத்திர முறையில் புள்ளி இடுகிறது. பரிசோதனை அறிக்கை, பணியாளர் எண்ணிக்கை, நோயாளரின் நிலைபற்றிய அளவீடுகள் ஆகிய மூன்றும் சேர்ந்து அந்த நட்சத்திரங்களைத் தீர்மானிக்கின்றன. 2022இல் வார இறுதிப் பணியாளர் எண்ணிக்கையையும், பணியாளர் எவ்வளவு விரைவாக வேலையை விட்டுப் போகிறார்கள் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்தார்கள். உங்கள் தம்பிக்கு அனுப்பத் தகுந்தவை இந்த இரண்டும்தான். சனி, ஞாயிறில் எத்தனை பேர் கடமையில் இருக்கிறார்கள், ஒரு வருடத்துக்கு மேலாக அங்கேயே பணிபுரிபவர் எத்தனை பேர் என்று கேட்டு எழுதுங்கள். புகைப்படம் அனுப்புவதானால் வரவேற்பறையை விட்டு, மலசலகூடத்தையும் சமையலறையையும் எடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: எனது அப்பாவுக்கு இடுப்பில் தொடை எலும்பு முறிந்து சத்திரசிகிச்சை நடந்தது. பின்னர் ஒரு நிலையத்தில் சேர்த்தோம். மூன்று வாரத்தில் குதிக்காலிலும் முதுகின் அடிப்பகுதியிலும் புண் வந்துவிட்டது. அவருக்குச் சீனியும் உண்டு. இது அவர்களின் கவனக்குறைவா? யாரிடம் முறையிடுவது?
(வாசகி, திருக்கோவில்)

பதில்: படுக்கைப் புண் எல்லாமே கவனக்குறைவால் வருவதில்லை. வைத்தியசாலைக் கட்டிலிலேயே தொடங்கியிருக்கவும் கூடும். சீனி உள்ளவரின் குதிக்கால் விரைவில் பழுதாகும். அதனால் முதலில், சேர்த்த அன்று அப்பாவின் தோலைப் பார்த்து எழுதிய குறிப்பைக் கேளுங்கள். அப்படியொரு குறிப்பே இல்லையென்றால், அதுதான் முதலாவது குறை. நம்மவரின் கருத்த தோலில் ஆரம்பச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. சூடாகவோ, கல்லுப்போல் கடினமாகவோ, சுற்றியுள்ள இடத்தைவிடக் கருநீலமாகவோ இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி, மூன்று வாரமாக அவர் ஏன் படுக்கையிலேயே இருக்கிறார் என்பது. இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பின் மறுநாளே நோயாளரை எழுப்பி உட்காரவைக்கவும் நிற்கவைக்கவும் முயல்வது வழமை. ஏதாவது தடையிருந்தால் வைத்தியசாலையிலிருந்து வரும்போது கொடுத்த டயக்னோசிஸ் கார்டில் வைத்தியர் எழுதியிருப்பார். அப்படி எழுதப்படாமல் இருக்க, வோக்கரும் மூலையில் இருக்க, அவர் படுத்தே கிடந்தால், அந்த நிலையம் புனர்வாழ்வு என்று சொல்லிப் பணம் வாங்குவது சரியில்லை.

புண்ணின் நீளம், அகலம், ஆழம் வாரந்தோறும் அளந்து எழுதப்படுகிறதா, குதிக்கால் மெத்தையில் முட்டாமல் கெண்டைக்காலின் கீழ் தலையணை வைக்கப்படுகிறதா, சீனியின் அளவு கொப்பியில் இருக்கிறதா, முட்டை, மீன், பருப்பு போதிய அளவு கிடைக்கிறதா என்று பாருங்கள். புண் கறுத்தாலோ, துர்நாற்றம் வீசினாலோ, காய்ச்சல் கண்டாலோ விவாதித்துக்கொண்டிராமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

முறைப்பாட்டை முதலில் பொறுப்புத் தாதியிடம், பகலில், நிதானமாகச் சொல்லுங்கள். இரவுக் கடமையிலிருக்கும் உதவியாளரைத் திட்டிப் பயனில்லை. அன்றிரவு உங்கள் அப்பாவைப் புரட்டப் போகிறவர் அவர்தான். சொன்னதைத் திகதியிட்டுக் கடிதமாகவும் கொடுத்து, பிரதியில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் மாற்றம் இல்லாவிடின் கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனைக்கும் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபைக்கும் எழுதுங்கள். அப்பாவுக்கு 60 வயது கடந்திருந்தால், உங்கள் பிரதேச செயலகத்தில் முதியோர் விடயங்களுக்குப் பொறுப்பான உத்தியோகத்தரையும் நாடலாம். இடம் மாற்றுவதாகத் தீர்மானித்தால், புறப்படும் நாளில் புண்ணைப் புகைப்படம் எடுத்து, மருந்துத் தாள், சீனிக் கொப்பி, இயன்மருத்துவக் குறிப்பு ஆகியவற்றின் பிரதிகளைக் கையில் வாங்கிய பின்னரே மீதிக் கட்டணத்தைச் செலுத்துங்கள்.